பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரப் போகிறீர்களா?

தன்னார்வலராகக் கிளம்பும் நாம் பெரும்பாலும் அரிச்சுவடியோடுதான் போகிறோம். 247 எழுத்துகளையும் ஒரே அட்டவணையில் பார்த்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். அவரவர் பெயரில் தொடங்குங்கள். இத்தனை வருடம் கைநாட்டு வைத்தவர் வங்கியில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் நீங்கள் கூப்பிடவே வேண்டாம். அடுத்து ட, ப, ம, கூடவே ஒரு புள்ளி. இவ்வளவு போதும், படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். பிறகு பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை.

நிதி திரட்டினால் சிலேட்டும் நோட்டும் வாங்கவே எல்லோருக்கும் தோன்றும். நான் முதலில் வாங்கச் சொல்வது வாசிப்புக் கண்ணாடி. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். “மண்டையில ஏறல தம்பி” என்று சொல்லும் அம்மாவுக்கு எழுத்தே கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். அரசு மருத்துவமனையில் கண்ணைக் காட்டிவிட்டு வகுப்பைத் தொடங்குவது நல்லது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் பழக்கினார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் செல்போனை வைக்கலாம்: பேரப்பிள்ளையின் பெயரைத் தேடி அவரே அழைக்கட்டும்.

வகுப்பு நேரத்தை மட்டும் அவர்களிடமே கேட்டு வையுங்கள். சீரியல் நேரத்தில் வைத்தால் நாற்காலிதான் மிஞ்சும்.