ஜேர்மனியில் பிள்ளையின் படிப்பு: அரசின் பிடி எதுவரை, பெற்றோரின் சொல் எதுவரை

ஜேர்மனிக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்தப் பள்ளிக்கூடம் நல்லது?" என்பதுதான். ஊரில் அந்தக் கேள்வியோடு நன்கொடை, சிபாரிசு, ரியூஷன் என்று ஒரு நீண்ட ஓட்டம் தொடங்கிவிடும். இங்கே அதற்கு முன்பாகவே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பிள்ளையின் கல்வியில் அரசு எவற்றை உங்களிடம் கேட்காமலே முடிவு செய்யும், எவற்றில் உங்கள் சொல்லுக்குச் சட்டப்படி இடமிருக்கிறது என்பது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்நாட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவன் என்ற முறையில் சொல்வதானால், நம்மவர்கள் மாற்ற முடியாதவற்றுக்காகச் சண்டை பிடித்துவிட்டு, பேசியிருக்க வேண்டிய இடத்தில் பேசாமல் தலையாட்டிவிட்டு வந்ததையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

ஜேர்மனியின் அரசியலமைப்பான 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்தில் இரண்டு உறுப்புரைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. பிள்ளையைப் பராமரிப்பதும் வளர்ப்பதும் பெற்றோரின் இயற்கையான உரிமை என்றும், முதன்மையாக அவர்களுக்கே உரிய கடமை என்றும் ஆறாவது உறுப்புரை சொல்கிறது. பள்ளிக்கல்வி முழுவதும் அரசின் மேற்பார்வையில் இருக்கும் என்று ஏழாவது சொல்கிறது. கல்வி மாநிலங்களின் அதிகாரத்தில் இருப்பதால், இந்த இரண்டுக்கும் இடையிலான கோட்டைப் பதினாறு மாநிலங்களும் ஒவ்வொரு விதமாக இழுத்திருக்கின்றன. ஆகவே மியூனிக்கில் இருக்கும் உறவினர் சொல்லும் அறிவுரை டோர்ட்முண்டில் உங்களுக்குப் பயன்படாமல் போகலாம்.

எல்லா மாநிலங்களுக்கும் பொதுவானது 'சூல்பிளிஹ்ட்' எனப்படும் பள்ளிக் கடப்பாடு. ஆறு வயதளவில் தொடங்கி, மாநிலத்தைப் பொறுத்து ஒன்பது அல்லது பத்து ஆண்டுகள் பிள்ளை நேரில் பள்ளிக்குச் சென்றாக வேண்டும். மூன்று ஆண்டு வேலைக்காக வந்த கணினிப் பொறியாளர் சிலர், எப்படியும் திரும்பிப் போகப் போகிறோமே என்று எண்ணி, பிள்ளையை இந்தியாவின் இணையவழிப் பள்ளியொன்றில் சேர்த்து வீட்டிலேயே இருத்தப் பார்க்கிறார்கள். அது இங்கே செல்லாது. மத நம்பிக்கையின் பெயரால் வீட்டில் கற்பித்த ஜேர்மன் குடும்பங்களே இதில் தோற்றிருக்கின்றன. ஹெஸன் மாநிலத்தில் 2013இல் அப்படிப்பட்ட ஒரு வீட்டின் நான்கு பிள்ளைகளை அதிகாரிகள் சில வாரங்கள் பிரித்து வைத்தார்கள். அதில் மனித உரிமை மீறல் இல்லை என்று ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. இந்தச் சட்டம் சரியா என்பதில் எனக்கும் ஐயங்கள் உண்டு. ஆனால் அந்த வாதத்தை உங்கள் பிள்ளையை வைத்து நடத்தாதீர்கள்.

இதே கடப்பாட்டின் இன்னொரு முகம் விடுமுறை. கல்யாணம், அந்தியேட்டி, மலிவு விலை விமானச் சீட்டு என்று பள்ளி நாட்களில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவது நமக்குக் குற்றமாகவே தோன்றுவதில்லை. இங்கே அதற்கு அபராதம் உண்டு. பவேரியாவிலும் வடரைன்-வெஸ்ட்பாலியாவிலும் அது 1,000 யூரோ வரை போகலாம். 2018இல் பவேரியாவின் மெமிங்கன் விமான நிலையத்தில், விடுமுறை தொடங்குமுன் பிள்ளைகளோடு புறப்பட்ட குடும்பங்களைப் போலீசார் நிறுத்தி விசாரித்தது நாடு முழுவதும் செய்தியானது. நெருங்கிய உறவின் மரணம், உடன்பிறந்தாரின் திருமணம், மத விழா போன்றவற்றுக்கு பள்ளி அதிபருக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டால், என் அனுபவத்தில் பெரும்பாலும் மறுப்பதில்லை. நீண்ட விடுமுறைக்கு ஒட்டிய நாட்களை மட்டும் கேட்க வேண்டாம். (இங்கே ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோவிலின் தேர் ஞாயிற்றுக்கிழமை ஓடுவதால் அதற்கு விடுப்பே தேவையில்லை.)

பாடங்களுக்குள் வந்தால் நிலைமை கலவையானது. ஆணும் பெண்ணும் சேர்ந்த நீச்சல் வகுப்பிலிருந்து மதத்தின் பெயரால் விலக்குக் கேட்ட வழக்கை, உடல் மறைக்கும் நீச்சலுடையை அணிந்து கலந்துகொள்ளலாம் என்று கூறிக் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2013இல் தள்ளுபடி செய்தது. பாலியல் கல்வியைப் பெற்றோரின் சம்மதமின்றியே அரசு கற்பிக்கலாம் என்பது 1977ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு. ஆனால் என்ன கற்பிக்கப் போகிறார்கள், எப்படிக் கற்பிக்கப் போகிறார்கள் என்று முன்னதாகவே அறியும் உரிமை உங்களுக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. சமய பாடத்தில் மட்டும் முடிவு முழுவதும் உங்களுடையது. சேர்க்கைப் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, பிள்ளை கத்தோலிக்க வகுப்பில் இருப்பதை ஆண்டு முடிவில் கண்டுபிடித்த சைவக் குடும்பங்களை எனக்குத் தெரியும். 14 வயதானால் பெரும்பாலான மாநிலங்களில் அந்த உரிமை உங்கள் கையை விட்டுப் பிள்ளையிடம் போய்விடும்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன்: நான்காம் வகுப்பு. பெர்லினையும் பிராண்டன்பூர்க்கையும் தவிர்த்த மாநிலங்களில் ஆரம்பப் பள்ளி நான்கு ஆண்டுகளோடு முடிகிறது. அந்த இரண்டிலும் இது ஆறு ஆண்டுகள். அதன்பின் பிள்ளை, பல்கலைக்கழகத்துக்கு நேர்வழியான கிம்னாசியத்துக்கா, பத்தாம் வகுப்போடு முடியும் நடுத்தரப் பள்ளியான றியால்சூலேக்கா, எல்லா நிலைப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் கெசாம்ட்சூலேக்கா என்று பிரிகிறது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே தனியொரு பரீட்சை நாளைவிட ஆசிரியரின் மதிப்பீடே பெரும்பாலும் கனமானது. புள்ளி முறையிலும் ஏமாறாதீர்கள்: 1 மிகச் சிறந்தது, 6 மிக மோசமானது. பிள்ளை 5 வாங்கி வந்த நாளில் நானே இனிப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பவேரியாவில் ஜேர்மன் மொழி, கணிதம், ஊரும் சுற்றாடலும் பற்றிய பாடம் ஆகிய மூன்றின் சராசரி 2.33 வரை இருந்தால்தான் கிம்னாசியத்துக்கு நேராகப் போகலாம். அதற்கு மேலே போனால் மூன்று நாள் சோதனை வகுப்பு; அதில் ஜேர்மன், கணிதம் இரண்டிலும் 4 கிடைத்தால் முடிவு பெற்றோருடையது. வடரைன்-வெஸ்ட்பாலியாவில் அரையாண்டுச் சான்றிதழோடு வரும் பரிந்துரை உங்களைக் கட்டுப்படுத்தாது. றியால்சூலே என்று எழுதியிருந்தாலும் கிம்னாசியத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஐந்தாம், ஆறாம் வகுப்புகள் அங்கே பரீட்சார்த்தக் காலம். ஆறாம் வகுப்பு முடிவில் பிள்ளை தொடரலாமா என்று பள்ளி தீர்மானிக்கும்.

என் மூத்த மகளுக்கு ஆசிரியை ஒருவர் "வீட்டில் ஜேர்மன் பேசுவதில்லை, கிம்னாசியம் சிரமப்படுத்தும்" என்று காரணம் சொல்லி றியால்சூலேயைப் பரிந்துரைத்தார். நாங்கள் ஆசிரியர் சொல் வேதவாக்கு என்று வளர்ந்தவர்கள், கைகூப்பிவிட்டுத் திரும்பியிருப்போம். வேலைத்தலத்து ஜேர்மன் நண்பர் ஒருவர்தான், பரிந்துரை கட்டாயமல்ல என்று எடுத்துச் சொல்லி, விண்ணப்பத்துக்கும் துணை வந்தார். எல்லாப் பிள்ளையையும் கிம்னாசியத்துக்குள் தள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. றியால்சூலேயிலிருந்தும் தொழிற்பயிற்சி வழியாகவும் மேலே போகும் பாதைகள் இங்கே உண்மையாகவே திறந்திருக்கின்றன. காரணம் பிள்ளையின் திறமையா, உங்கள் வீட்டு மொழியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். அந்த உரையாடலுக்கு நான்காம் வகுப்புக் குளிர்காலம் பிந்திய காலம். மூன்றாம் வகுப்பிலேயே தொடங்குங்கள், மொழி தடுமாறினால் மொழிபெயர்ப்பவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

பெற்றோர் கூட்டங்களை நம்மவர்கள் வேலைநேரம் காரணமாகவும் கூச்சத்தினாலும் தவிர்ப்பது எனக்கு நீண்டகால ஆதங்கம். வகுப்புப் பெற்றோரின் பிரதிநிதி அங்கேதான் தெரிவாகிறார். வடரைன்-வெஸ்ட்பாலியாவின் ஆரம்பப் பள்ளிகளில், பள்ளியின் மிக உயர்ந்த முடிவெடுக்கும் அவையில் ஆசிரியர்களும் பெற்றோரும் சம எண்ணிக்கையில் அமர்கிறார்கள்.

வீட்டுக்குள் என்ன மொழி பேசுவது என்பதில் அரசுக்கோ ஆசிரியருக்கோ கட்டளையிடும் அதிகாரமில்லை; தமிழிலேயே பேசுங்கள். பிள்ளையை அடிப்பது மட்டும் வீட்டுக்குள்ளும் உங்கள் விருப்பமல்ல. 2000ஆம் ஆண்டிலிருந்து வன்முறையற்ற வளர்ப்பு பிள்ளையின் சட்டபூர்வ உரிமை.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளைப் பற்றி யாராவது உங்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிவிடுவார்கள். வடரைன்-வெஸ்ட்பாலியாவில் அரசே நடத்தும் தாய்மொழி வகுப்புகளின் பட்டியலிலும் தமிழ் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. போதிய பிள்ளைகள் பதிந்தால்தான் வகுப்பு நடக்கும் என்பதால், பள்ளிச் செயலகத்தில் நீங்களே அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பதிவது உங்கள் விருப்பம். பதிந்த பிறகு பிள்ளை அந்த வகுப்புக்கும் ஒழுங்காகப் போயாக வேண்டும்.