‘ஹரி, மிஸ்’ என்றால் விளங்கிவிட்டது என்று அர்த்தமில்லை: பெரிய வைத்தியசாலையில் தாதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1864இல் தொடங்கிய கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இன்று 3,000க்கும் அதிகமான கட்டில்கள் இருக்கின்றன. அதில் கால்வாசி அளவுள்ள இடத்தில்கூட ஒரு நோயாளி ஒரே நாளில் எத்தனை கை மாறுகிறார் என்று எண்ணிப் பாருங்கள்: வெளிநோயாளர் பிரிவு, விடுதி (வார்டு), ஸ்கேன் அறை, சத்திரசிகிச்சைக் கூடம், மறுபடியும் விடுதி. இதற்கிடையில் காலை 7, பகல் 1, இரவு 7 என்று தாதியரும் மாறிக்கொண்டே இருக்கிறோம். கொழும்பு விடுதிகளில் நான் கண்ட தவறுகளில் முக்கால்வாசி படிப்புக் குறைவால் வந்தவை அல்ல. ‘எனக்கு முன்னால் நின்றவர் பார்த்திருப்பார்’ என்ற நினைப்பால் வந்தவை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பயிற்சி முடித்து இங்கே வரும் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு பெயரில் தொடங்குகிறது. எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும். அது தெரியாத ஒருவர் பதிவேட்டில் முன்னால் நிற்பதை மட்டும் எழுதிவிட்டால், மகளுடைய டிக்கெட்டில், அதாவது சிகிச்சைக் குறிப்பேட்டில், தகப்பன் பெயர் ஏறிவிடும். ‘கந்தசாமி’ என்று கூப்பிட்டால் கந்தசாமியும் திரும்புவார், இன்னொரு கந்தசாமியின் மகனும் திரும்புவார். “நீங்கள் கந்தசாமிதானே?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். காய்ச்சலில் கிடப்பவர் எதற்கும் தலையாட்டுவார். “உங்கள் முழுப் பெயர் என்ன?” என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள், பிறகு டிக்கெட்டில் உள்ள இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். கட்டில் இலக்கம் அடையாளம் ஆகாது. விடுதி நிரம்பும் நாளில் காலையில் தரையில் பாய்விரித்துப் படுத்திருந்தவர் மாலையில் 12ஆம் கட்டிலில் இருப்பார்.

அடுத்தது மொழி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்கும் பங்கிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலைக்கு மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். நீரிழிவு நோயாளி. காலை இன்சுலின் போடுமுன், சாப்பாடு வந்ததும் சாப்பிட வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார் என் சக தாதி. “ஹரி, மிஸ்” என்றார் அம்மா; சிங்களத்தில் ‘சரி’ என்று அர்த்தம். நான் அடுத்த கட்டிலில் சேலைன் மாற்றிக்கொண்டு நின்றேன். பேச்சு காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு அவருடைய நெற்றி வியர்த்து, கை நடுங்கியது. விரல் நுனியில் குத்திப் பார்த்தால் இரத்தத்தில் சீனி 48. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு. உடனே குளுக்கோஸ் ஏற்றினோம், தெளிந்துவிட்டார். ஏன் சாப்பிடவில்லை என்று தமிழில் கேட்டேன். இரவில் வந்த மிஸ் கையை வாயருகே கொண்டுபோய் வேண்டாம் என்று ஆட்டிக் காட்டினாராம். காலையில் வெறும் வயிற்றோடு எடுக்க வேண்டிய ஸ்கேன் இருந்தது. டிக்கெட்டின் முந்தைய பக்கத்தில் அது எழுதியும் இருந்தது. எழுதியவர் எழுதியிருந்தார், சொன்னவர் சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்கு என்ன விளங்கியது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

‘ஹரி’ என்பது மரியாதைக்குச் சொல்லும் பதில். “நான் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள் அம்மா” என்று கேட்பதற்கு அரை நிமிடம் போதும். பக்கத்துக் கட்டில்காரரையோ பத்து வயதுப் பேரனையோ மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். விடுதியில் தமிழ் தெரிந்த தாதி ஒருவர் இருந்தால், அவரைக் கூப்பிடுவது உதவி கேட்பதல்ல, வேலை.

எழுத்தில் வரும் தவறுகள் சிறியவை, விளைவுகள் பெரியவை. இன்சுலின் 10 என்று எழுதிப் பக்கத்தில் ஆங்கில ‘யூ’ எழுத்தை ஒட்டி எழுதினால், அவசரத்தில் அது 100 ஆகத் தெரியும். ‘யூனிட்’ என்று முழுதாக எழுதுங்கள். தசமப் புள்ளிக்கு முன்னால் பூச்சியம் கட்டாயம்: 0.5. முழு எண்ணுக்குப் பின்னால் வேண்டாம்: 1.0 பத்தாகிவிடும். கையுறை பற்றி ஒரே வரி: அது உங்களைக் காக்கும், நான்காம் கட்டிலின் கிருமியை ஐந்தாம் கட்டிலுக்கும் கொண்டுபோகும். கழற்றி, கைக்கு மருந்து தேய்க்க 20 முதல் 30 விநாடி.

மூச்சு எண்ணுவதை எல்லோரும் ஏமாற்றுகிறோம். நாற்பது நோயாளிகளும் நிமிடத்துக்குச் சரியாக 20 முறை மூச்சுவிடுகிறார்கள் என்றால் அது விடுதியல்ல, அணிவகுப்பு. உடல்நிலை சரியத் தொடங்கும்போது, இரத்த அழுத்தம் விழுமுன்பே பல வேளைகளில் மூச்சு வேகமெடுக்கும். நாடி பிடிப்பவர்போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சைப் பார்த்து முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும்.

அமெரிக்காவில் தாதியர் தட்டுப்பாடு நிலவிய காலத்திலும் தாதியர் விட்டுப் போகாத 41 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 1983இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தாதியர் சேவையில் சிறந்த வைத்தியசாலைகளுக்குக் கொடுக்கும் ‘மேக்னட்’ அங்கீகாரத்தின் வேர் அதுதான். அந்த இடங்களில் தாதியின் சொல்லுக்கு மதிப்பிருந்தது. இங்கே விசேட வைத்தியரிடம் “சேர், அளவை இன்னொரு தடவை சொல்வீர்களா?” என்று கேட்கப் புதுப் பிள்ளைகளுக்கு நாக்கு எழுவதில்லை. தொலைபேசியில் ஆங்கிலத்தில் ‘பிஃப்டீன்’ எது, ‘பிஃப்டி’ எது என்று அனுபவசாலிக்கே சந்தேகம் வரும். ‘வன் பைவ்’ என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள். எரிச்சல்படுபவர் படட்டும்.

கடைசியாக, செய்யுமுன் எழுதாதீர்கள். ஓர் இரவு, வேலை நெருக்கடியில், காலை 6 மணிக்குரிய நாடியையும் அழுத்தத்தையும் ஐந்து மணிக்கே நிரப்பிவைத்தார் ஒரு பிள்ளை. ஐந்தரைக்கு அந்த நோயாளியை அவசரமாகச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஏழு மணிக்குப் பொறுப்பேற்க வந்த சிஸ்டர், அந்த அட்டையைக் கையில் எடுத்து, வெறுங்கட்டிலைப் பார்த்து, “நாடி 78 யாருடையது?” என்று கேட்டார்.