பழைய 303 துவக்கின் வயதைக் கண்டுபிடிக்க

பிரிட்டிஷ் இராணுவத்தின் பழைய ரைஃபிளான லீ-என்ஃபீல்டு 303 துவக்கை யாராவது காட்டி, “முதலாம் உலகப் போர்க் காலத்துச் சாமான்” என்றால், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளும் இரும்புத் தண்டு) கைப்பிடிக்குக் கீழே, தோளில் வைக்கும் மரக்கட்டை தொடங்கும் இடத்திலுள்ள இரும்புப் பகுதியின் வலப்பக்கத்தைப் பாருங்கள். தயாரித்த இடம், வருடம், மாதிரி எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் அடித்திருக்கும். இங்கிலாந்தின் என்ஃபீல்டு மட்டுமல்ல, இந்தியாவின் இச்சாப்பூர், ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலைகளும் இவற்றைச் செய்தன. மாதிரி எண்ணான ரோமன் மூன்றுக்குப் (III) பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால், அது 1916இல் ஏற்கப்பட்ட எளிதாக்கிய மாதிரி. அப்புறம் போல்டிலும் துவக்கின் உடலிலும் உள்ள தொடர் இலக்கங்கள் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறுவேறென்றால் பாகம் மாற்றியிருக்கிறார்கள்.

துவக்கின் முனையில் பொருத்தும் பயனெட் கத்தியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிடிக்கு அருகே 1907 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது மாதிரியின் பெயர், செய்த வருடமல்ல. அதற்குக் கீழே சின்னதாக 5, 17 என்றிருந்தால், 1917 மே மாதம்.

எழுத்து மங்கலா? பிராசோ போன்ற உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், மதிப்பே போய்விடும். டோர்ச்சைச் சரித்துப் பிடித்து போனில் படம் எடுத்தால் போதும். கொழும்பின் உப்புக் காற்றுக்கு இரும்பில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வேண்டும். தோல் உறைக்குள் கத்தியை வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும்.

துவக்கு வாங்கும் எண்ணமிருந்தால் அனுமதிப்பத்திரம் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். முற்பணம் பிறகு.