கையடக்க சவுண்ட் மீட்டர வெச்சு ரூமோட ரிவர்ப் டைம் அளக்கறது எப்படி

டைல்ஸ் தரை, வழுவழு பெயிண்ட் சுவர், ரெண்டு ஸ்டீல் பீரோ. எங்க அக்கா டியூஷன் எடுக்கற ரூம் இப்படித்தான், 6க்கு 5 மீட்டர், சீலிங் 3 மீட்டர். இருபதுன்னு சொன்னா கடைசி வரிசையில எழுபதுன்னு எழுதிக்கறாங்க. எக்கோ அடிக்குதுன்னு தெரியும், எவ்ளோன்னு தெரிஞ்சாத்தானே சரி பண்ண முடியும்.

சத்தம் நின்னதுக்கப்புறம் அது 60 டெசிபல் (டிபி) இறங்க ஆகற நேரம்தான் ரிவர்ப் டைம், சுருக்கமா ஆர்டி60. வீட்டு ரூம்ல 60 முழுசா இறங்கறதுக்குள்ள தெரு சத்தம் வந்து மூடிடும், அதனால 20 டிபி இறங்கற நேரத்த அளந்து மூணால பெருக்கிக்கலாம், ரூம் ஒலி அளக்கற சர்வதேச ஸ்டாண்டர்ட் ஐஎஸ்ஓ 3382ல இதத்தான் டி20ங்கறாங்க.

ஃபேன், ஏசி ஆஃப், கதவு ஜன்னல் சாத்து. மீட்டர ட்ரைபாட்ல மாட்டி 1.2 மீட்டர் உயரத்துல, எந்தச் சுவர்லேந்தும் 1 மீட்டராவது தள்ளி வைங்க. ஆட்டோ ரேஞ்ச் வேணாம், மேனுவல். சத்தத்துக்கு கைதட்டல விட பெரிய பலூன் பெட்டர், நல்லா ஊதி மீட்டர்லேந்து 2 மீட்டருக்கு மேல தள்ளி ஊசியால குத்துங்க. சும்மா இருக்கும்போது ரூம்ல 45 டிபி காட்டுதுன்னா வெடி 80 தாண்டணும், பலூன் தாராளமா தாண்டிடும்.

இப்ப வர்றதுதான் வில்லங்கம். மீட்டர்ல நம்பர் எவ்ளோ வேகமா மாறணும்னு ஃபாஸ்ட், ஸ்லோன்னு ரெண்டு செட்டிங் இருக்கும். ஃபாஸ்ட்ல போட்டு, நம்பர் இறங்கறத வீடியோ எடுத்து கணக்கு போட்டா போதும்னு நிறைய பேர் சொல்வாங்க, கேக்காதீங்க. ஃபாஸ்ட்னா 125 மில்லிசெகண்ட் ஆவரேஜிங், அதாவது ரூம்ல சத்தம் சட்டுனு செத்துட்டாலும் மீட்டர் நம்பர் செகண்டுக்கு சுமார் 35 டிபி வேகத்துலதான் இறங்க முடியும், 60ஐ 35ஆல வகுத்தா 1.7 செகண்ட், அதுக்குக் கம்மியா அந்த மீட்டர் காட்டவே காட்டாது. காசு போட்டு திரை, பேனல் எல்லாம் மாட்டி ரூம் 0.8க்கு வந்திருந்தாலும் அது பாட்டுக்கு 1.7னே சொல்லிட்டிருக்கும். ஸ்லோவுல போட்டா 14 செகண்ட் கிட்ட காட்டும், கோயில் மண்டபம் தோத்துடும்!

அதனால மீட்டர் பக்கவாட்டுல ஏசி அவுட்னு ஒரு ஓட்டை இருக்கான்னு பாத்து வாங்குங்க. அதுல வர்றது மைக் சிக்னல், ஃபாஸ்ட் ஸ்லோ எதுவும் அதத் தொடாது. ஒயர் போட்டு லேப்டாப்ல ஆடாசிட்டிங்கற ஆடியோ சாஃப்ட்வேர்ல ரெக்கார்ட் பண்ணுங்க, அலையோட உச்சி வெட்டுப்படாத அளவுக்கு லெவல் கம்மியா. ஓட்டை இல்லாத மீட்டர்னா ஃபோன்லயே ரெக்கார்ட் பண்ணலாம், இங்க வித்தியாசம்தான் முக்கியம், கேலிபரேஷன் இல்ல. ஆனா ஆட்டோ கெயின், நாய்ஸ் ரிடக்‌ஷன் ரெண்டும் ஆஃப்ல இருக்கணும், இல்லன்னா நாம அளக்க வேண்டிய, சத்தம் தேயற வாலையே நறுக்கிடும்.

ரெக்கார்டிங்க 350லேந்து 700 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஃபில்டர் பண்ணி, அலைய டிபி ஸ்கேலுக்கு மாத்துங்க. முதல் முள் மாதிரி நிக்கறத விட்டுட்டு, நேரா சரியற இடத்துல 20 டிபி இறக்கத்த செலக்ட் பண்ணா கீழ நேரம் காட்டும். இடத்த மாத்தி மாத்தி அளந்து சராசரி எடுங்க. எங்களுக்கு 0.75 வந்துச்சு, மூணால பெருக்கினா 2.25 செகண்ட். அமெரிக்க வகுப்பறை ஸ்டாண்டர்ட் ஆன்ஸி எஸ்12.60, பசங்க இல்லாத சின்ன ரூமுக்கு 0.6க்குள்ள இருக்கணும்ங்குது.

ரூம் மொத்தமா எவ்ளோ சத்தத்த உறிஞ்சுதுன்னு சொல்றது சபைன் ஃபார்முலா: 0.161ஐ கன அளவால பெருக்கி நேரத்தால வகுக்கணும். 90 கன மீட்டர், 2.25ன்னா ரூம் இப்ப உறிஞ்சறது, சத்தத்த முழுசா முழுங்கற பரப்பு 6.4 சதுர மீட்டர் இருந்தா எவ்ளோவோ அவ்ளோ. 0.6 வேணும்னா 24. மிச்சம் கிட்டத்தட்ட 18 சதுர மீட்டருக்கு 50 மிமீ ராக்வூல் (கல்லுலேந்து செய்யற பஞ்சு) பேனல் துணி சுத்தி மாட்டலாம், தடிமனான திரையும் கொஞ்சம் உதவும். முட்டை அட்டைய மட்டும் ஒட்டாதீங்க, தூசிதான் சேரும், பத்திக்கவும் செய்யும்.

பின்னாடி சேர்த்தது: டிபி ஸ்கேல்ல சரியற கோடு பாதியில முட்டி மாதிரி மடங்குதுன்னு சிலர் கேட்டிருந்தீங்க. பக்கத்து ரூம் கதவு திறந்திருந்தா அங்க சுத்தற சத்தம் மெதுவா திரும்பி வரும், அதான் அது. கதவ சாத்திட்டு இன்னொரு பலூன் வெடிங்க. அப்பவும் மடங்கி படுக்கையா ஓடுச்சுன்னா அது வெளி சத்தம், ராத்திரி பதினோரு மணிக்கு மேல அளங்க, பக்கத்து வீட்ல முன்கூட்டியே சொல்லிட்டு.