மறதிநோய்ப் பராமரிப்பைக் கற்பிக்கும் சமூகப்பணி ஆசிரியராக விரும்புவோருக்கு

சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்று, கல்லூரி ஆசிரியராகி, முதுமையையும் மறதிநோயையும் (டிமென்ஷியா) தம் துறையாகக் கொள்ள எண்ணும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பாடத்தைக் கற்பித்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான்: நோயாளி இருக்கும் வீட்டுக்கு நாம் போவது நின்றுவிட்டால், வகுப்பில் சொல்வதற்கு நம்மிடம் எதுவும் மிஞ்சாது.

தகுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், சமூகப்பணிப் பாடத்தில் நெட் அல்லது செட் என்னும் விரிவுரையாளர் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். மருத்துவ, மனநலச் சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களுக்கு இத்துறை எளிதில் பிடிபடும். பட்டம் கைக்கு வந்ததும் நேரே விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்காமல், குறைந்தது இரண்டு ஆண்டுகள் களத்தில் வேலை பாருங்கள். சென்னையில் 1984-இல் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் போன்ற மனநல அமைப்பிலோ, 1992-இல் கேரளத்தில் தொடங்கிப் பல ஊர்களுக்கும் பரவிய, மறதிநோயாளிகளுக்கான அமைப்பான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ.யின் கிளை ஒன்றிலோ, அரசு மருத்துவமனையின் முதியோர் மருத்துவத் துறையிலோ சம்பளம் குறைவாகத்தான் இருக்கும் என்றாலும், அந்த இரண்டு ஆண்டுகளில் பார்த்ததை வைத்துத்தான் பிறகு நீண்ட காலம் பாடம் நடத்தப் போகிறீர்கள்.

எப்படிப்பட்டதைப் பார்ப்பீர்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பெரம்பூரில் ஒரு வீட்டுக்குக் களப்பணி மாணவி ஒருவருடன் போயிருந்தேன். எழுபத்தெட்டு வயதுப் பாட்டி, மாலை நான்கு மணியானால் வாசல் கதவருகே போய் நின்றுகொண்டு, "வீட்டுக்குப் போகணும், எங்க அம்மா தேடுவாங்க" என்பார். மாணவி நல்லெண்ணத்துடன், "பாட்டி, இதுதான் உங்க வீடு, உங்க அம்மா இறந்து நாற்பது வருசம் ஆச்சு" என்று சொல்லிவிட்டார். அந்தச் செய்தியை முதன்முறையாகக் கேட்பவரைப் போலப் பாட்டி அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. மருமகள் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. அடுக்களையிலிருந்து முறத்தில் முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து வைத்து, "அத்தை, இதை உருவிக் கொடுத்துட்டுப் போங்க, இருட்டுறதுக்குள்ள போயிடலாம்" என்றார். பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காம்பைப் பிடித்து இலையை உருவும் விரல்களில் தடுமாற்றமே இல்லை. கால் மணி நேரத்தில் கதவின் நினைவே போய்விட்டது.

அன்றைய களப்பணி அறிக்கையில் மாணவி, "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதியிருந்தார். அதைத் திருப்பிக் கொடுத்து, மருமகளுக்குத் தெரிந்திருந்தது என்ன, நமக்குத் தெரியாமல் போனது என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதி வரச் சொன்னேன். கையின் பழக்கம் பேச்சையும் தேதியையும் விட நெடுநாள் நிலைத்திருக்கும் என்பதும், நோய்க்குப் பின்னே இருக்கும் ஆளைப் பார்க்க வேண்டும் என்று பிரிட்டனின் உளவியலாளர் டாம் கிட்வுட் 1990-களில் வலியுறுத்தியதும் அந்த முறத்தை வைத்து விளக்கியபோதுதான் வகுப்புக்குப் புரிந்தது. என் தொடக்க ஆண்டுகளில் நானும், நாட்காட்டியைக் காட்டி நோயாளியைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும் என்றே கற்பித்தேன். அது தவறு என்று பராமரிப்பவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. ஆனாலும் யாரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது உங்கள் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால், அது சிறுநீர்த் தொற்றாகவோ உடலில் உப்புச்சத்துக் குறைந்ததாகவோ இருக்கலாம். காலம் தாழ்த்தக் கூடாது. பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைப் போலத் தோன்றும். "வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று குடும்பம் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளப் பழக்காதீர்கள். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது. மற்றவர்களுக்கு அது இல்லை என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைச் சொல்லிக் கொடுங்கள்.

மதிப்பீட்டுக் கருவிகளைக் கற்பிக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். நினைவாற்றலையும் சிந்தனையையும் சோதிக்கும், 30 மதிப்பெண் கொண்ட எம்.எம்.எஸ்.இ. தேர்வு, ஒரு வாக்கியத்தைப் படிக்கவும் ஒன்றை எழுதவும் சொல்கிறது. பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டி அங்கே மதிப்பெண் இழப்பது நோயினால் அல்ல. அதனால் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மாணவர்களே தொகுக்கும்படி செய்யுங்கள். சில்லறை எண்ணி வாங்குகிறாரா, குழம்பில் இரண்டுமுறை உப்புப் போடுகிறாரா, வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்களா என்ற கேள்விகள் நம் வீடுகளில் பலன் தருகின்றன.

சட்டத்தைப் புத்தகத்திலிருந்து நடத்துவதோடு, உண்மையான மனு ஒன்றை எழுதவும் வையுங்கள். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க உத்தரவிடலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் 23-ஆம் பிரிவின்கீழ் மீட்கவும் வழியுண்டு. ஆகவே பத்திரத்தில் அந்த நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கப் பழக்குங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தனக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் இடம் தருகிறது. இதற்கெல்லாம் நோயின் தொடக்கக் காலமே ஏற்றது. சொன்னதைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் போன பிறகு குடும்பம் எங்கும் அலைந்து பயனில்லை. முதியோர் உதவி எண் 14567-ஐ ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் எழுதிவைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

பராமரிப்பவரின் சுமையை அளக்க அமெரிக்க ஆய்வாளர் சாரிட் வகுத்த 22 கேள்விகள் உண்டு. அவற்றைக் கணவரும் நாத்தனாரும் சூழ்ந்திருக்கும் கூடத்தில் கேட்டால், "எனக்கென்ன கஷ்டம்" என்ற விடைதான் வரும். நம் குடும்பங்களில் முடிவெடுப்பவர் மகனாகவும், குளிப்பாட்டித் துணி மாற்றுபவர் மருமகளாகவும் இருப்பதே பெரும்பாலும் வழக்கம். அவரைத் தனியாகச் சந்தித்து, கடைசியாக இரவு முழுக்கத் தூங்கியது எப்போது என்று கேட்கும்படி மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பராமரிப்போர் கூட்டத்தை அவருக்கு வசதியான காலை பதினொரு மணிக்கு வைத்து, அந்த ஒரு மணி நேரமும் வீட்டில் நோயாளியுடன் இருக்க இரண்டு மாணவர்களை அனுப்புங்கள். இல்லாவிட்டால் கூட்டத்துக்கு வருபவர் மகனாகத்தான் இருப்பார்.

முனைவர் பட்ட ஆய்வுக்கும் இந்த வீடுகளிலிருந்தே கேள்வியை எடுங்கள். குடும்பத்தார் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் மட்டும் போதாது. ஒவ்வொரு சந்திப்பிலும் நோயாளியிடமும் கேட்க வேண்டும். அவர் முகம் சுளித்தாலோ எழுந்து போனாலோ அன்றைய நேர்காணலை நிறுத்திவிட வேண்டும்.

களப்பணிக் காலத்திலேயே முதியவர் இறந்துபோவதும் உண்டு. பாடத்திட்டத்தில் இதற்கு மணி நேரம் ஒதுக்குவதில்லை. துறைத் தலைவரிடம் கேட்டு வாங்குங்கள். பெரம்பூர்ப் பாட்டி மறைந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில், அதே மாணவியை மீண்டும் அழைத்துப் போனேன். பேசிக்கொண்டே இருந்த மருமகள், நான்கு மணி அடித்ததும் எழுந்துபோய் வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அறிக்கை எதுவும் வேண்டாம் என்று மாணவியிடம் சொன்னேன். அடுத்த வாரம் அவரே எழுதிக்கொண்டு வந்தார்.