பாதி விலையில் இறக்குமதிச் சரக்கு வந்துவிட்டதா? விலையைக் குறைக்கும் முன் இதைப் பாருங்கள்

சிறு பட்டறை நடத்துபவர்களில் பலருக்கு இது ஒரு நாள் நடக்கிறது. பல வருடமாக நம்மிடம் சரக்கு எடுத்த மொத்த வியாபாரி, இறக்குமதியான பொருள் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, "இந்த விலைக்குத் தருவீர்களா?" என்று கேட்பார். பயத்தில் பலரும் அங்கேயே விலையை இறக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது ஏன் மலிவு என்று தெரியாமல் விலையில் கை வைத்தால், லாபம் போய், அடுத்து கூலி போய், கடைசியில் தரமும் போய்விடும்.

முதலில் அந்தப் பொருளில் பத்து வாங்கிப் பிரித்துப் போடுங்கள். கதவுக் கீல் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தராசில் எடை பாருங்கள், தகட்டின் கனத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள், நடுக்கம்பியை உருவிப் பாருங்கள், உங்களுடையதையும் அதையும் ஒரே உப்புத் தண்ணீரில் போட்டு எது முதலில் துருப்பிடிக்கிறது என்று பாருங்கள். உங்கள் தகடு 2 மில்லிமீட்டர், அவர்களுடையது 1.5 என்றால் இரும்பில் கால் பங்கு அங்கேயே மிச்சம். சரி, அப்படியானால் அது வேறு பொருள். இரண்டையும் வியாபாரியின் கையில் கொடுத்துக் காட்டுங்கள். மெல்லியதுதான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நீங்களும் ஒரு மெல்லிய ரகம் போடலாம், ஆனால் உங்கள் பழைய முத்திரையை மட்டும் அதில் குத்தாதீர்கள்.

எடையும் தரமும் ஒன்றாக இருந்தால் பேப்பரை எடுத்து மூலப்பொருள், கூலி, மின்சாரம், வட்டி, சேதாரம் என்று தனித்தனியாக எழுதுங்கள். அவர்களின் விற்பனை விலை உங்கள் மூலப்பொருள் செலவுக்குப் பக்கத்தில் நின்றால், சுங்கவரிப் பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும். மூலப்பொருளுக்கு அதிக வரி, செய்து முடித்த பொருளுக்குக் குறைந்த வரி என்று தலைகீழாக இருக்கும் நாடுகள் உண்டு. சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்ணான எச்.எஸ். குறியீட்டில் முதல் 6 இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றுதான், அதை வைத்துத் தேடலாம். இதை ஒருவராகப் போய்க் கேட்டு மாற்ற முடியாது. சங்கமாகச் சேர்ந்து, இரண்டு வரிகளையும் ஒரே பக்கத்தில் எழுதி, பட்ஜெட்டுக்கு முன்பே அரசிடம் கொடுங்கள்.

அப்புறம் டம்பிங். மலிவாக விற்றாலே டம்பிங் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது தவறு. தங்கள் நாட்டில் விற்கும் விலையைவிடக் குறைத்து ஏற்றுமதி செய்தால்தான் டம்பிங். அதனால் உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு வந்ததையும் காட்ட வேண்டும். அதைத் தடுக்கக் கூடுதல் இறக்குமதி வரி போடச் சொல்லி அரசிடம் புகார் கொடுக்கலாம். உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி, அந்தப் புகாரை ஆதரிப்பவர்களின் உற்பத்தி, உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விசாரணை பொதுவாக ஒரு வருடம், அதிகபட்சம் 18 மாதம். வரி போட்டாலும், மறு ஆய்வில் நீட்டிக்காவிட்டால் 5 வருடத்தில் முடிந்துவிடும். சிறு உற்பத்தியாளர்கள் இதில் தோற்பது பெரும்பாலும் கணக்கு இல்லாததால்தான், அதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. எவ்வளவு செய்தோம், எவ்வளவு விற்றோம், எவ்வளவு தேங்கியது, எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்று இந்த மாதத்திலிருந்தே எழுதி வையுங்கள். இன்னொன்று, பெரிய ஆலைகள் உருக்குத் தகட்டுக்கு இதே வரியைக் கேட்டு வாங்கினால் மூலப்பொருள் விலை ஏறி அடி உங்களுக்குத்தான் விழும், ஆகவே அந்த விசாரணை அறிவிப்புகளையும் கவனியுங்கள்.

வர்த்தக ஒப்பந்தங்களில் எந்த வருடம் எந்த வரி குறையும் என்பது இணைப்புப் பட்டியலில் முன்கூட்டியே இருக்கும். ஆயத்த ஆடைக்கான ஏற்றுமதி ஒதுக்கீடு, அதாவது எந்த நாடு எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பு, 2005 ஜனவரி 1 அன்று முடியும் என்பது பத்து வருடம் முன்பே தெரிந்த விஷயம். இருந்தும் ஆப்பிரிக்க நாடான லெசோத்தோவில் ஆலைகள் மூடி ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடந்தது எனக்கு நம்பிக்கை தருகிறது. 2000-களின் தொடக்கத்தில் சீனக் காலணிகள் அங்கே வந்து குவிந்தன, உள்ளூர்ப் பட்டறைகள் பல தாக்குப்பிடிக்கவில்லை. மிஞ்சியவர்கள் வந்த காலணியின் வடிவத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள், தோலையும் தையலையும் மேம்படுத்தினார்கள், சில வருடங்களில் உள்நாட்டுச் சந்தையைத் திரும்பப் பிடித்தார்கள்.

உங்களுக்கும் ஒரு பலம் இருக்கிறது. இறக்குமதிச் சரக்கு கன்டெய்னர் கணக்கில்தான் கட்டுப்படியாகும், கடலில் வாரக்கணக்கில் வரும். அதனால் அடுத்த முறை வியாபாரியைப் பார்க்கும்போது அவருடைய கிடங்கில் எந்த சைஸ் தேங்கிக் கிடக்கிறது, எது சீக்கிரம் தீர்ந்துபோகிறது, வாடிக்கையாளர் கேட்டு இல்லை என்று திருப்பி அனுப்பியது எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம் தீர்கிற, கேட்டும் கிடைக்காத சைஸ்களை ஐம்பது நூறு என்று சின்ன எண்ணிக்கையில், ஒரு வாரத்துக்குள் தர என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு விலை பேச உட்காருங்கள்.