லினக்ஸ் கெர்னலில் வெற்று ஹெடர் கோப்புகளை நீக்குவது எப்படி?

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பகுதிகளில் கணினி படித்து, ஊரில் இருந்தபடியே லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் பங்களிக்க விரும்பும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, ஒரு வரி நிரல்கூட இல்லாத ஹெடர் கோப்புகளைத் தேடி நீக்கும் வேலையைத்தான். ஹெடர் என்பது, மற்ற நிரல் கோப்புகள் 'இன்க்ளூட்' வரி மூலம் உள்ளிழுத்துக்கொள்ளும் வரையறைக் கோப்பு. வேலை சிறியதென்றாலும், கெர்னல் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் தொடக்கம் வேறில்லை.

மூல நிரலை முழு வரலாற்றோடு இறக்கினால் பல ஜிபி ஆகும். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' கருவியால் நகலெடுப்பது (குளோன்) பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கைபேசி டேட்டாவை நம்பி இருப்பவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். அதற்காக 'டெப்த் 1' என்று போட்டு இறக்கிவிடாதீர்கள், ஏனெனில் ஒரு கோப்பு ஏன் வெறுமையானது என்பதைச் சொல்லும் வரலாறே அதில் வராது. 'ஃபில்டர்=பிளாப்:நன்' என்ற தெரிவுடன் குளோன் செய்தால் வரலாறு முழுதும் வந்துவிடும், பழைய உள்ளடக்கம் தேவைப்படும்போது மட்டும் இறங்கும்.

தேடுவதற்கு 'ஃபைண்ட்' கட்டளை வேண்டாம். கெர்னலைக் கட்டும்போது இன்க்ளூட்/கான்ஃபிக் அடைவில், ஒவ்வொரு கான்ஃபிக் தெரிவுக்கும் (எந்த வசதி வேண்டும், வேண்டாம் என்ற அமைப்பு) ஓர் அடையாளமாக வெற்றுக் கோப்புகள் தாமாகவே உருவாகின்றன. அவை உங்கள் வேலையில் சேராதவை. 'கிட் எல்எஸ்-ட்ரீ' வெளியீட்டில், இ69டிஇ29 என்று தொடங்கும் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீடு) உள்ள வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். உள்ளடக்கமே இல்லாத எந்தக் கோப்புக்கும் கிட் தருவது இந்த ஒரே ஹேஷைத்தான். உரிம வரியும் இன்க்ளூட் கார்டும் (ஒரே ஹெடர் இருமுறை சேராமல் தடுக்கும் வரிகள்) மட்டும் கொண்ட கோப்புகள் இதில் சிக்கமாட்டா; மிகச் சிறிய ஹெடர்களைத் திறந்து கண்ணால் பார்ப்பதே வழி. அவ்வாறு ஒன்று அகப்பட்டால், அந்தக் கார்டு மேக்ரோவின் பெயரை வேறெங்காவது 'இஃப்டெஃப்' (ஒரு பெயர் வரையறுக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்கும் வரி) சோதிக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, அந்த ஹெடரை உள்ளிழுக்கும் இன்க்ளூட் வரிகள் எங்கெங்கே உள்ளன என்று 'கிட் க்ரெப்' கொண்டு தேடுங்கள்; ஹெடரை நீக்கும்போது அவற்றையும் நீக்க வேண்டும். சி கோப்புகளோடு நிற்காமல் அசெம்பிளி, லிங்கர் ஸ்கிரிப்ட், டிவைஸ் ட்ரீ, கேபில்டு (எதைக் கட்டுவது என்று பில்ட் அமைப்புக்குச் சொல்லும்) கோப்புகளையும் தேட வேண்டும்.

இனி வருவதே இந்த வேலையின் உயிர்நாடி. ஒரு கட்டமைப்புக்குரிய (எக்ஸ்86, ஆர்ம்64 போன்ற செயலி வகை) ஏஎஸ்எம் அடைவில் உள்ள ஹெடர், எல்லாக் கட்டமைப்புகளுக்கும் பொதுவான ஏஎஸ்எம்-ஜெனரிக் அடைவின் கேபில்டு கோப்பில் 'மேண்டேட்டரி-ஒய்' பட்டியலில் இருந்தால், அதை நீக்கியவுடன் பில்ட் அமைப்பு அந்த இடத்தில் பொது ஹெடரை உள்ளிழுக்கும் ஒரு கோப்பைத் தானே உருவாக்கிவிடும். கண்மாய் மடையில் இறக்கிய பலகை போல, அந்த வெற்றுக் கோப்பு தனக்குள் எதுவும் இல்லாமலேயே பின்னால் இருப்பதைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கலாம். டிஎம்ஏ (சாதனங்கள் நினைவகத்தை நேரடியாக அணுகும் முறை) ஹெடரை எடுத்துக்கொள்வோம்: பொது ஹெடர் மேக்ஸ்_டிஎம்ஏ_அட்ரஸ் என்ற மேக்ரோவை வரையறுக்கிறது; வெற்றாக இருந்த ஒரு கட்டமைப்பின் ஹெடரை நீக்கினால், அதுவரை அங்கே இல்லாத அந்த மேக்ரோ திடீரென்று முளைக்கும், அதை 'இஃப்டெஃப்' கொண்டு சோதிக்கும் நிரல் எந்தப் பிழைச் செய்தியும் இன்றி வேறு பாதையில் போகும். ஆகவே பொது ஹெடரை வரி வரியாகப் படிக்காமல் ஏஎஸ்எம் அடைவில் கைவைக்கக் கூடாது.

யூஏபிஐ அடைவில் உள்ளவற்றை விட்டுவிடுங்கள். 2012-இல் வெளிவந்த 3.7 பதிப்பில் கெர்னல் நிரலாளர் டேவிட் ஹவல்ஸ் பயனர் நிரல்களுக்கான ஹெடர்களை இந்த அடைவில் தனியே பிரித்தார். அவை கெர்னலுக்கு வெளியே இருக்கும் நிரல்களுக்கானவை என்பதால், யார் அவற்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதை உங்கள் 'க்ரெப்' காட்டாது.

நீக்கிய பிறகு எக்ஸ்86 கணினியில் ஒரு முறை கட்டிப் பார்ப்பது போதாது. வேறு வகைச் செயலிக்கான நிரலை உங்கள் கணினியிலேயே கட்டும் கிராஸ் கம்பைலரை நிறுவி, ஆர்ம்64, ரிஸ்க்-ஃபைவ் முதலியவற்றுக்கும் 'ஆல்மாட்கான்ஃபிக்' (இயன்றவற்றை எல்லாம் தனி மாட்யூல்களாகச் சேர்ப்பது), 'ஆல்நோகான்ஃபிக்' (இயன்றவற்றை எல்லாம் விடுவது) இரண்டையும் கட்டுங்கள். ஸ்கிரிப்ட்ஸ் அடைவிலுள்ள 'ஆப்ஜ்டிஃப்' கருவியைக் கொண்டு முன்னும் பின்னும் உருவான ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒப்பிடுங்கள். இன்க்ளூட் வரி ஒன்று போனதால் கீழுள்ள வரி எண்கள் ஒன்று குறையும். எச்சரிக்கைச் செய்திகளுக்காகப் பதிந்த வரி எண்கள் மாறுவது அதனால்தான். அதற்கு மேல் எந்த வேறுபாடு தெரிந்தாலும் நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

நீங்கள் அனுப்பும் மாற்றத்தின் (பேட்ச்) விளக்கத்தில், கோப்பை வெறுமையாக்கிய கமிட்டின் (கிட்டில் பதிவான மாற்றம்) ஹேஷில் முதல் 12 எழுத்துகளையும் அதன் தலைப்பையும் தவறாமல் குறிப்பிடுங்கள். 4.17 பதிப்பில் எட்டுப் பழைய கட்டமைப்புகள் நீக்கப்பட்டது போன்ற பெரிய மாற்றங்களின் எச்சமாக இருந்தால், அதையும் ஒரு வரியில் எழுதுங்கள். இது பிழைத்திருத்தம் அன்று. அதனால் பிழைத்திருத்தங்களுக்கான 'ஃபிக்ஸஸ்' குறிச்சொல் வேண்டாம். பேட்சின் நடையைச் சரிபார்க்கும் 'செக்பேட்ச்' ஓட்டி, பொறுப்பாளர்களைக் கண்டறியும் 'கெட்_மெயின்டெய்னர்' காட்டும் முகவரிகளுக்கு எளிய உரை (ப்ளெய்ன் டெக்ஸ்ட்) மின்னஞ்சலாக அனுப்புங்கள். பேட்சுகளைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் கெர்னல் டெஸ்ட் ரோபோ எங்காவது பில்ட் உடைந்ததென்று பதில் அனுப்பினால், அது தரும் கான்ஃபிக் கோப்பை வைத்தே உங்கள் கணினியில் கட்டி, பழுதைச் சரிசெய்து, என்ன மாறியது என்ற குறிப்புடன் இரண்டாம் பதிப்பை அனுப்புங்கள்.